தலை வணங்கிய படம்

போர் வெற்றி நாளன்று விமானப்படை விமானங்கள் எங்கள் பழவேற்காடு ஏரிக்கு மேலே பறக்கும் என்றார்கள். முந்தின நாளே ஓர் அதிகாரி வந்து ஆளுக்கொரு காகிதக் கொடி கொடுத்தார். விமானம் வந்ததும் கொடியை ஆட்டி ஜே போட வேண்டுமாம்.

நாங்கள் தண்ணீரில் குனிந்து, இரண்டு கையாலும் சேற்றைத் தடவி இறால் பிடிக்கிற பெண்கள். பிடித்ததைப் போடும் பறிக்கூடையைப் பல்லால் கடித்துக்கொள்வோம்.

விமானங்கள் காதைக் கிழித்துக்கொண்டு போயின. ஒருத்தியும் நிமிரவில்லை, நிமிர்ந்தால் கைக்குச் சிக்கிய இறால் போய்விடும். கரையிலிருந்து அதிகாரி கத்தினார்: "நாட்டுப்பற்றே இல்லையா உங்களுக்கு?"

என் நாத்தனார் பறியை வாயிலிருந்து எடுத்தாள். "கை ரெண்டும் சேத்துல கீது, வாயில பறி கீது. கொடிய எங்க சார் சொருவிக்கிறது?"

மறுநாள் பேப்பரில் எங்கள் படம் வந்தது. மேலே விமானங்கள், கீழே வரிசையாகக் குனிந்த முதுகுகள். 'வீரர்களுக்குத் தலை வணங்கும் மீனவப் பெண்கள்' என்று போட்டிருந்தார்கள்.

பிறகொரு நாள் அதே அதிகாரியிடம் மனு கொடுக்கப் போனோம். அந்தப் படத்தைச் சட்டம் போட்டு நாற்காலிக்கு மேலே மாட்டியிருந்தார். எங்களை ஏற இறங்கப் பார்த்து, "யாரும்மா நீங்க?" என்றார்.

திரும்பி நின்று குனிந்து காட்டலாமா என்று தோன்றியது.