ஓ.பி. வரிசையில் அப்பா

எம்.டி. கவுன்சலிங்கில் என் ரேங்குக்குப் பொது மருத்துவமே கிடைத்திருக்கும். நான் மனநல மருத்துவத்தை எடுத்தேன். ஏன் என்று கேட்பவர்களிடம் ஆர்வம், ஆராய்ச்சி என்று எதையாவது சொல்லி வைப்பேன். உண்மையான காரணம் ஓர் ஆட்டோ ஓட்டுநர்.

நான் பயிற்சி மருத்துவராக இருந்த சமயம். பெங்களூரில் அடுகோடி பகுதிக்காரர், நாற்பது வயதிருக்கும். நெஞ்சை அடைக்கிறது, உயிர் போகப்போகிறது என்று ஒரே மாதத்தில் நான்காவது முறையாக அவசரப் பிரிவுக்கு வந்திருந்தார். ஈ.சி.ஜி.யில் எந்தக் குறையும் இல்லை. "ஒண்ணும் இல்லப்பா, வீட்டுக்குப் போ" என்று சொல்லிவிட்டு டியூட்டி டாக்டர் அடுத்த கட்டிலுக்கு நகர்ந்துவிட்டார். சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே ஓட்டுநர் என்னிடம் கேட்டார்: "ஒண்ணும் இல்லன்னா சந்தோஷம்தான் மேடம். அப்போ எனக்கு வர்றதுக்குப் பேரு என்ன?"

ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். ஸ்டாண்டில் பக்கத்து ஆட்டோவில் இருந்த நண்பர் பேசிக்கொண்டிருக்கும்போதே மாரடைப்பில் சரிந்ததை அவர் சொன்னார். அதை அதுவரை அவர் யாரிடமும் சொன்னதில்லையாம். மனநலப் பிரிவுக்கு நானே கூட்டிப்போனேன். இரண்டு மாதம் கழித்து யாரையோ இறக்கிவிட வந்தவர் வாசலில் என்னைப் பார்த்துச் சிரித்தார். "இப்போ மெஜஸ்டிக் டிராஃபிக்லகூட ஓட்டுறேன் மேடம்." அன்று முழுக்க எனக்குக் கால் தரையில் படவில்லை.

வீட்டில் இந்தக் கதை எடுபடவில்லை. "மாப்பிள்ளை வீட்டுல கேட்டா என்னன்னு சொல்றது?" என்று அம்மா கவலைப்பட்டாள். கூடப் படித்தவர்கள், "நாலு வருஷத்துல நீயும் உன் பேஷண்ட் மாதிரியே ஆயிடுவ" என்று சிரித்தார்கள். அரசு அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றிருந்த அப்பா மட்டும் சண்டை போடவில்லை. ஞாயிறு ஆராதனை முடிந்து யாராவது விசாரித்தால், "நரம்பு சம்பந்தமா படிக்குது" என்று முந்திக்கொண்டு சொல்வார். பக்கத்திலேயே நிற்கும் எனக்குச் சுருக்கென்று இருக்கும். தப்பான முடிவோ என்று பலமுறை யோசித்திருக்கிறேன்.

இரண்டாம் வருடம், ஒரு திங்கட்கிழமை காலை. எங்கள் ஓ.பி.யில் நல்ல கூட்டம். அடுத்தவரைக் கூப்பிட எட்டிப் பார்த்தேன். கடைசி பெஞ்சில், இஸ்திரி போட்ட சட்டையுடன், கையில் டோக்கனை வைத்துக்கொண்டு அப்பா உட்கார்ந்திருந்தார்.

எனக்குச் சாப்பாடு கொண்டுவந்திருக்கிறார் என்றுதான் முதலில் நினைத்தேன்.

"எனக்குத்தான்மா," என்றார். "மூணு மாசமா சரியா தூக்கமே இல்ல. பஸ்ல ஏறினா கை நடுங்குது. சர்ச்ல வேதம் வாசிக்கச் சொன்னா தொண்டை கட்டிடுச்சுன்னு சொல்லித் தப்பிச்சுக்கிறேன்."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டுச் சொல்லுவேன்? உன் படிப்பையே வெளிய சொல்ல வெக்கப்பட்டவன் நானு."

எனக்கும்தான் வெட்கமாக இருந்தது. முன்பின் தெரியாதவர்களிடம் நாள் முழுக்கத் தூக்கத்தைப் பற்றி விசாரிக்கிறேன். ஜோகுபாளையம் வீட்டில் ஒரே கூரையின் கீழ் இருப்பவரை ஒருநாளும் கேட்டதில்லை.

சொந்த அப்பாவுக்கு நான் வைத்தியம் பார்க்கக் கூடாது. என் சீனியர் மேடத்திடம் அழைத்துப் போனேன். அவர் கன்னடத்தில் "ஹேளி சார்", சொல்லுங்க சார், என்று பேச்சை ஆரம்பித்து, என்னை வெளியே இருக்கச் சொல்லிவிட்டார். முக்கால் மணி நேரம் வராண்டாவில் நடந்தேன். கதவு திறந்தபோது அப்பாவின் கண்கள் சிவந்திருந்தன. ஆனால் தோள்களின் இறுக்கம் தளர்ந்து, பாரம் இறங்கியவர்போல் இருந்தார்.

"திட்டுவாங்கன்னு நினைச்சேன்," என்றார். "பாதி நேரம் நான்தான் பேசினேன். இது பதற்ற நோயாம், குணமாயிடுமாம். பைத்தியம் இல்லயாம்."

"நான் சொல்லியிருந்தா நம்பியிருப்பீங்களா?"

"மாட்டேன்." சிரித்துவிட்டார். அவர் சிரித்து எத்தனை நாளாயிற்று என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

கேன்டீனில் மசால் தோசை வாங்கிக் கொடுத்தேன். அவர் சாப்பிடும்போது அம்மாவுக்கு போன் செய்து, எப்படி ஆரம்பிப்பதென்று தெரியாமல் தயங்கினேன்.

"அப்பா டாக்டரைப் பார்த்துட்டாரா?" என்றாள் அம்மா. "நான்தான் பஸ் வேணாம்னு ஆட்டோ புடிச்சு அனுப்பினேன். அது கெடக்கட்டும், மாத்திரை சாப்பாட்டுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

மருந்து வேலை செய்யச் சில வாரங்கள் ஆயின. நடுவில் ஒருமுறை நிறுத்திவிட்டுத் திரும்பவும் ஆரம்பித்தார். இப்போது தூங்குகிறார், பஸ்ஸில் தனியாகப் போகிறார். மாதம் ஒருமுறை, மற்ற நோயாளிகளைப் போலவே கூச்சமில்லாமல் அவரே டோக்கன் எடுத்து மேடத்தைப் பார்த்துவிட்டு, என் அறையை எட்டிக்கூடப் பார்க்காமல் கிளம்பிவிடுகிறார். எனக்கு அது எவ்வளவு நிம்மதியாக இருக்கிறது என்று அவரிடம் சொன்னதில்லை.