காதர் பாயும் நனைந்தால் நிற்கும் காரும்

காதர் பாய் போய்விட்டார் என்ற செய்தி வந்தபோது நான் கடையில் ஒரு வாடிக்கையாளரோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். போனில் அவருடைய மகன், "அத்தே, அத்தா மவுத்தாயிட்டாக" என்றான். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வேலைக்கு வரும் பஸ்ஸில், படியில் தொங்கிய ஒருவனை அதட்டிக்கொண்டே சாய்ந்துவிட்டாராம். அமைதியாக உட்கார்ந்திருந்தபோது போனார் என்று சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன்.

இராஜபாளையத்தில் என் ஸ்பேர் பார்ட்ஸ் கடையை ஒட்டித்தான் அவருடைய ஒர்க்‌ஷாப். கார் எலெக்ட்ரீஷியன். அவரைத் தெரிந்த நீங்கள் எல்லோரும் அவரிடம் திட்டு வாங்கியவர்கள், சிலர் அடியும் வாங்கியிருப்பீர்கள். இரங்கல் கூட்டத்தில் ஒருவர் "சாந்த சொரூபி" என்று பேசினார். எந்தக் காதர் பாயைச் சொல்கிறார் என்று எனக்கு விளங்கவில்லை. வயரின் தோலில் ஊசியைக் குத்திச் சோதித்த ஒரு மெக்கானிக் மீது அவர் ஸ்பானரை வீசி எறிந்ததும், அது அவன் காதை உரசிக்கொண்டு வந்து என் கடைக் கண்ணாடியை நொறுக்கியதும் ஊரறிந்த கதை. நான் கண்ணாடிக்காகக் கத்த, அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. "குத்துன ஓட்டை வழியா தண்ணி இறங்கும்லே! நாளைக்கு நடுரோட்டுல எவன் சாவுறது?" என்று அவனைத்தான் உலுக்கிக்கொண்டிருந்தார்.

இன்றைய கார்களில் இன்ஜின், பிரேக், ஸ்டீயரிங் எல்லாவற்றுக்கும் தனித்தனியே சின்னக் கம்ப்யூட்டர் இருக்கிறது. ஒன்றோடொன்று முறுக்கிய இரண்டு வயர்கள் வழியாகத்தான் அவை பேசிக்கொள்ளும். அந்த இரண்டும் எங்காவது உரசிக்கொண்டால் எல்லாமே ஊமையாகிவிடும். "பேச்சு நின்னா வண்டி பொணம்" என்பார் பாய். பேட்டரியைக் கழற்றிவிட்டு அந்த இரண்டு வயர்களுக்கும் நடுவே மீட்டரை வைத்தால் அறுபது ஓம் காட்ட வேண்டும். நூற்றிருபது என்றால் ஒரு பக்கம் அறுந்திருக்கிறது. சரிந்துகொண்டே போனால் இரண்டும் ஒட்டுகின்றன.

நான் சொல்லவந்தது மாரிச்சாமி அடிபட்ட நாளைப் பற்றி. மாரிச்சாமி சுந்தரபாண்டியத்துக்காரர். பேண்டேஜ் துணி நெய்யும் ஒரு முதலாளிக்குக் கார் ஓட்டினார். ஒரு கனமழையில் அந்தக் கார் ஓடும்போதே அணைந்து, ஸ்டீயரிங் இறுகி, புளியமரத்தில் மோதியது. உள்ளே இருந்த முதலாளியின் தம்பிக்குத் தொடை எலும்பு முறிந்தது. அதற்கு முன்பும் மழையில் இருமுறை நின்றிருக்கிறது. ஆனால் சோதிக்கக் கொண்டுபோகும்போதெல்லாம் நன்றாக ஓடியது. தொழிலில் பிரிந்துபோன பங்காளி கொடுத்த காசை வாங்கிக்கொண்டு மாரிச்சாமிதான் ஏதோ செய்கிறார் என்று முதலாளி முடிவுகட்டிவிட்டார்.

முன்பக்கம் நசுங்கிய காரைக் கட்டி இழுத்துவந்தபோது மாரிச்சாமியையும் இழுத்துவந்தார்கள். ஒர்க்‌ஷாப் வாசலிலேயே அடி தொடங்கியது. முதலாளியின் ஆட்கள் இருவர் அவரைக் கீழே தள்ளி விலாவில் மிதித்தார்கள். வாயிலிருந்து ரத்தமும் பல்லும் வந்தன. தெருவே நின்று வேடிக்கை பார்த்தது. முதலாளி ஜாக்கி ராடைக் கையில் எடுத்துக்கொண்டு, "பாய், இவன் என்ன வேலை பாத்தாம்னு நீயே கண்டுபிடிச்சுச் சொல்லு. இவன் கையி ரெண்டையும் இங்கனயே ஒடைச்சுட்டுப் போறேன்" என்றார்.

"செத்த நேரம் பொறுங்க மொதலாளி. கார் சொன்ன பொறவு யாரை வேணும்னாலும் அடிங்க" என்றார் பாய். மீட்டரை வைத்தார். அறுபது, பழுதே இல்லை. முதலாளி ராடை ஓங்கினார். பாய் அவரைச் சட்டை செய்யாமல், ஒரு வாளித் தண்ணீரை முன்கண்ணாடியின் அடியில் ஊற்றினார். வேப்பிலைச் சருகு அடைத்து வடிகால் நின்றுபோயிருந்ததால், தண்ணீர் உள்ளே ஒழுகி இடதுபக்கக் கால்மிதிக்கு அடியில் இறங்கியது. மீட்டரில் எண் சரிந்தது. ஐம்பது, முப்பது, அதற்கும் கீழே.

பாய் கால்மிதியைக் கிழித்துத் தூக்கினார். எலி கடித்த இடத்தில் இரண்டு வயர்களையும் சேர்த்து யாரோ பேண்டேஜ் துணியால் சுற்றியிருந்தார்கள். எங்கள் ஊரில் அது புதிதல்ல. குழாய் ஒழுகினாலும் மண்வெட்டிப் பிடி விரிந்தாலும் அந்தத் துணியைத்தான் சுற்றுவார்கள். காய்ந்த துணி சும்மா கிடக்கும். நனைந்த துணிக்குள் இரண்டு செம்பும் பச்சை பூத்துக் கலந்திருந்தன.

"இதக் கட்டுனது யாரு?" என்றார் பாய்.

முதலாளியின் முகம் வெளுத்தது. அவரேதான் கட்டியிருந்தார் என்று அந்த முகமே சொல்லிவிட்டது. தம்பியின் காலை உடைத்தது தன் கைதான் என்று எல்லார் முன்னாலும் தெரிந்த அந்த நொடியில், ராடு மாரிச்சாமி மேல் விழவில்லை, பாயின் வலது மணிக்கட்டில் விழுந்தது. எலும்பு உடைந்த சத்தம் என் கடைவரை கேட்டது.

ஆணியில் தொங்கிய ஃபேன் பெல்ட்டை உருவிக்கொண்டு நான் ஓடினேன். முதலாளியின் முகத்திலும் முதுகிலும் கை ஓயும்வரை விளாசினேன். அது தப்பு என்று இன்றுவரை எனக்குத் தோன்றவில்லை. பிறகுதான் தெருவுக்கு உயிர் வந்தது. ஆட்களைப் பிடித்துத் தள்ளினார்கள், மாரிச்சாமியை ஆட்டோவில் ஏற்றினார்கள்.

பாய் மட்டும் ஆஸ்பத்திரிக்கு வர மறுத்தார். தொங்கிய கையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு காருக்குள் உட்கார்ந்திருந்தார். "தங்கச்சி, உள்ள வா. இந்த ஜாயிண்ட நீ போடு" என்றார்.

"அந்த நாய் வண்டிக்கா? கொளுத்துங்க பாய்!" என்றேன்.

"அவன் நாசமாப் போறான். இதுல தினம் பள்ளிக்கொடத்துக்கு அவன் மக போறா. மோதுன எடத்தத் தட்டி எடுத்ததும் நாளைக்கே அவன் ஓட்டிட்டுப் போவான். இந்தத் துணியோட விடச் சொல்லுதியா?"

வாழ்நாளில் வயரை விற்றிருக்கிறேனே தவிர, அன்றுவரை ஒரு வயரையும் இணைத்ததில்லை. அழுதுகொண்டே, கடிபட்ட இடத்தை வெட்டினேன். அவர் திட்டத் திட்டத் தோலைச் சீவினேன், ஈயம் வைத்தேன், இரண்டுக்கும் தனித்தனி உறை போட்டேன். பிறகு அவற்றைப் பழையபடி ஒன்றோடொன்று முறுக்க வேண்டும். விரல்களில் மாரிச்சாமியின் ரத்தம் இருந்ததால் வயர் வழுக்கியது. அவருடைய மணிக்கட்டு என் கண்ணெதிரே வீங்கிக்கொண்டிருந்தது.

மாரிச்சாமி பிழைத்துவிட்டார். பாயின் மையித்தை அடக்கத்துக்குத் தூக்கிப் போனவர்களில் அவரும் ஒருவர். பாயின் கை அதன்பின் நேராகவில்லை, கோபமும் குறையவில்லை. அடக்கத்தன்று பெண்களோடு பாய் வீட்டில் நின்றிருந்த நான் அந்த முதலாளியின் மகளைப் பார்த்தேன். வளர்ந்துவிட்டாள், அப்பாவுக்குத் தெரியாமல் வந்தாளாம்.

அவருடைய மீட்டரை மகன் எனக்குத் தர வந்தான், வேண்டாம் என்றேன். அன்று காருக்குள் என் காதருகே அவர் போட்ட அதட்டல் ஒன்றே எனக்குப் போதும்: "அழுகைய பொறவு வச்சுக்கோ தங்கச்சி. இறுக்கி முறுக்கு. பிள்ளை ஏறுற வண்டி."