ஐந்து நாள் கடலுக்கு ஒரு காப்பீடு

வெள்ளிக்கிழமை காலை 7.10. நெட்டுக்குப்பத்தில் எங்கள் வீட்டு வாசலிலிருந்து ஆட்டோ புறப்பட்டது. சென்னைத் துறைமுகத்தின் பயணிகள் முனையம் ஏறத்தாழ பதினெட்டு கிலோமீட்டர் தொலைவு. இடையில் இராயபுரத்தில் காத்திருக்கவும் சேர்த்து 600 ரூபாய் பேசியிருந்தோம். திருகோணமலை வரை சென்று ஐந்தாம் நாள் திரும்பும் சொகுசுக் கப்பல் மாலை ஐந்து மணிக்குக் கிளம்பும் என்றாலும், பிற்பகல் இரண்டு மணிக்குமேல் வரும் எவரையும் அது ஏற்றிக்கொள்ளாது.

கப்பல் சீட்டு நான் விலை கொடுத்து வாங்கியதன்று. கல்லூரிகளுக்கிடையே நடந்த பேச்சுப் போட்டியொன்றில் எனக்குக் கிடைத்த முதற்பரிசு அது, இருவருக்கானது. ஒன்று எனக்கு, மற்றொன்று கடலையே தொழிலாகக் கொண்ட என் அண்ணன் செல்வத்துக்கு என்று அந்த மேடையிலேயே அறிவித்தேன். அரங்கில் கைதட்டல் எழுந்தது. வீட்டில் எழவில்லை.

எங்கள் தந்தை, எனக்கு மூன்று வயதாக இருந்தபோது கடலுக்குப் போனவர். அவரும் திரும்பவில்லை, படகும் திரும்பவில்லை. அன்றுமுதல் அம்மா ஒரு விதி வகுத்து அதைத் தளர்த்தாமல் காத்துவருகிறார்: ஒரே வீட்டு ஆண்கள் இருவர் ஒரே கலத்தில் ஏறக்கூடாது. குப்பத்தில் இன்னும் நாலைந்து வீடுகளில் இந்த விதி உண்டு. அண்ணனின் ஃபைபர் படகில் நான் இதுவரை ஒரு நாள்கூட ஏறியதில்லை. பதினோரு அடுக்குக் கப்பல் படகாகாது, அதில் உயிர்காப்புப் படகுகள் உண்டு, மருத்துவர் உண்டு என்று ஒரு வாரம் வாதாடினேன்.

"பெரிசா இருந்தா முழுவாதா?" என்று அம்மா ஒரே கேள்வியில் என்னை உட்காரவைத்தார்.

அவரை அசைத்தது என் வாதமன்று, சீட்டின் பின்புறம் அச்சிட்டிருந்த ஒரு விதி. பயணி ஒவ்வொருவரும் பயணக் காப்பீட்டுச் சான்று காட்டினால்தான் கப்பலேறும் அட்டை தரப்படும். காப்பீட்டுச் செலவு பரிசில் அடங்காது. அதைப் படித்துக் காட்டியபோது அம்மா சொன்னார்: "அந்தக் காயிதத்துல இன்னா எழுதிகீதுன்னு என் முன்னால படிக்கணும். கேட்டுட்டு சொல்றேன், ரெண்டு பேருமா, ஒருத்தன் மட்டுமான்னு."

ஆகவே, புறப்படும் நாளன்றே காப்பீடு வாங்கும் பயணிகளாக, பெட்டிகள் இரண்டும் ஆட்கள் மூவருமாகப் புறப்பட்டோம்.

காலை 7.40. காத்திவாக்கம் கடந்தது. முதுகுப்புறம் அனல்மின் நிலையப் புகைபோக்கிகள் சிறுத்துக்கொண்டே வந்தன. எண்ணூர் விரைவுச் சாலையில் இடப்பக்கம் கருங்கல் கொட்டிய கடற்கரை, வலப்பக்கம் துறைமுகத்துக்குள் நுழைய வரிசையில் நிற்கும் கண்டெய்னர் லாரிகள். ஓட்டுநர்கள் சிலர் லாரியின் நிழலில் அடுப்பு மூட்டிச் சமைத்துக்கொண்டிருந்தனர். திருவொற்றியூரைத் தாண்ட நாற்பது நிமிடங்கள் ஆயின.

ஆட்டோக்காரர் கண்ணாடியில் எங்களைப் பார்த்து, "இன்னா மாமு, பெட்டியெல்லாம் பலமா கீது? துபாயா?" என்றார்.

"கப்பல்ல ஊர் சுத்தப் போறோம்," என்றார் அண்ணன்.

"நீ இன்னா வேல பாக்குற?"

"மீன் புடிக்கிறேன்."

"கடலுக்கு லீவு போட்டுட்டு கடலுக்கே போறியா, நைனா! உன்ன மாதிரி ஆள நான் பார்த்ததே இல்லப்பா."

அண்ணன் சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை.

காலை 8.50. இராயபுரம். மருந்துக்கடைக்கு மேலே, குறுகிய மாடிப்படி ஏறினால் பஷீர் பாயின் அலுவலகம். ஒரு மேசை, ஒரு கணினி, ஓர் அச்சுப்பொறி. லாரிகளுக்கும் கடைகளுக்கும் காப்பீடு எடுத்துத் தரும் முகவர் அவர். அண்ணன் உட்கார்ந்ததும் சட்டைப்பையிலிருந்து தம் மீனவர் விபத்துக் காப்பீட்டு அட்டையை எடுத்து மேசைமீது வைத்தார்.

"எனுக்கு ஏற்கெனவே கீது, பாய். தம்பிக்கு மட்டும் போட்டா போதும்."

பாய் அட்டையைத் திருப்பிப் பார்த்தார். "இது நீ மீன் புடிக்கப் போனா செல்லும், செல்வம். டூர் போனா செல்லாது."

"கப்பல்லேர்ந்து ஒரு தூண்டில் போட்டா?"

"போடு. கப்பல்காரன் உன்னத் தூக்கி அதே தண்ணில போடுவான். அதுக்கும் காப்பீடு கெடையாது."

பிறகு பாய் நிதானமாக விளக்கினார். பின்னர் செல்வோருக்குப் பயன்படும் என்பதால் எழுதுகிறேன். வெளிநாட்டுப் பயணக் காப்பீடு எதுவாயினும் போதும் என்று எண்ணிவிடக் கூடாது. கப்பற்பயணத்துக்கும் அது செல்லும் என்று தெளிவாக எழுதியிருக்க வேண்டும். கப்பலின் மருத்துவ அறையில் பார்க்கும் சிகிச்சைக்கும், நோயாளியை நடுக்கடலிலிருந்து கரைக்குக் கொண்டுசேர்க்கும் செலவுக்கும் அதில் இடம் இருக்க வேண்டும். ஏற்கெனவே உள்ள நோய்களை மறைக்காமல் சொல்ல வேண்டும். காப்பு, கப்பல் திரும்பும் நாளோடு முடியாமல் மேலும் ஒரு நாள் நீள்வது நல்லது. புயலில் கப்பல் தாமதமானால் அந்த ஒரு நாள்தான் கைகொடுக்கும். ஆளுக்கு 742 ரூபாய்.

"இன்னும் ஒண்ணு கீது," என்று பாய் குரலைத் தாழ்த்தினார். "போன எடத்துல ஏதாச்சும் ஆயிட்டா, உடம்ப ஊருக்குக் கொண்டாற செலவும் இதுலயே அடங்கும்."

அதுவரை சுவரையே பார்த்துக்கொண்டிருந்த அம்மா திரும்பினார்.

"உடம்பு கெடைக்கலன்னா, பாய்?"

மழுப்பலாக ஏதேனும் சொல்லி அவர் கடந்திருக்கலாம். பாய் அப்படிச் செய்யவில்லை. கணினியில் காப்பீட்டின் முழு வாசகத்தைத் திறந்து, மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, பக்கம் பக்கமாகத் தேடினார். கிட்டத்தட்ட பத்து நிமிடங்கள். பதினாறாம் பக்கத்தில் விரல் நின்றது.

"கேட்டுக்கோக்கா. நீங்க போன கப்பலு முழுவிப் போயிட்டாலோ, காணாமப் போயிட்டாலோ, ஒரு வருசத்துக்குள்ள உடம்பு கெடைக்கலேன்னா, ஆளு இறந்துட்டதா எடுத்துக்கினு நாமினிக்குக் குட்த்துடுவாங்க. இத்தான் எழுதிகீது."

"ஒரு வருசமா?"

"ஒரே வருசம்."

அம்மா புடவைத் தலைப்பை இழுத்து மடியில் வைத்துக்கொண்டார். "எனுக்கு ஏழு வருசம்னாங்க, பாய்."

ஏழாண்டுகள் ஒருவரைப் பற்றிய செய்தியே இல்லையென்றால்தான் அவரை இறந்தவராகக் கொள்ளலாம் என்பது பொதுச் சட்டம். அந்த ஏழாண்டுகளும் அம்மா அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கியிருக்கிறார். விதவை உதவித்தொகை கேட்டால் இறப்புச் சான்று கேட்டார்கள். இறப்புச் சான்று கேட்டால் உடல் எங்கே என்றார்கள். இவை நான் அறிந்தவை. மேடைகளில் சொல்லியும் இருக்கிறேன். அன்று அந்த மாடியறையில் அவர் சொன்னதை நான் அதற்குமுன் கேட்டதில்லை.

"பூவு வச்சிகினா ஒருத்தி பேசுவா. வெக்காங்காட்டி இன்னொருத்தி பேசுவா. நல்லது கெட்டதுக்குக் கூப்புடலாமா வேணாமான்னு சொந்தக்காரங்களே பேஜாரு பட்டாங்க. ஏழு வருசம் நான் இன்னான்னு எனுக்கே தெர்ல."

சட்டம் விதிக்கும் காலம் வேறு, ஒப்பந்தத்தில் இருவர் உடன்பட்டு எழுதிக்கொள்ளும் காலம் வேறு என்ற விளக்கம் என் நாவின் நுனிவரை வந்தது. ஐயமில்லாத விளக்கம்தான். ஆனால், அவருக்கு அதனால் ஆவதொன்றும் இல்லை.

அண்ணன் அட்டையை எடுத்துப் பைக்குள் வைத்தார். "பாய், இந்தக் காயிதத்த என் போட்டுக்குப் போட முடியுமா? காசு நான் குட்த்துடறேன்."

"இது டூர் போறவங்களுக்கு, செல்வம். தொழிலுக்குப் போறவங்களுக்கு இல்ல."

"தண்ணி அதே தண்ணிதானே?"

"தண்ணி அதேதான்," என்றார் பாய். "பாலிசி வேற."

படிவத்தில் இரண்டு கட்டங்கள் நிரப்பப்படாமல் இருந்தன. ஒன்று, காப்புத்தொகையைப் பெறுபவர் பெயர். மற்றொன்று, அவசரத்துக்குத் தொடர்புகொள்ள வேண்டியவர். அவர் அதே கப்பலில் பயணம் செய்பவராக இருக்கக் கூடாது என்று அடியில் குறிப்பு. யாரேனும் ஒருவர் கரையில் இருந்தாக வேண்டும் என்பது காப்பீட்டாரின் நிபந்தனையும்கூட. அம்மாவின் விதியை மூடநம்பிக்கை என்று ஒரு வாரம் தாக்கிப் பேசியவன், அதே விதி கட்டம் போட்டு அச்சிடப்பட்டிருப்பதைப் பார்த்து வெட்கினேன்.

"கரையில யாருன்னு எழுதட்டும்?" என்றார் பாய்.

அம்மா என்னைப் பார்த்தார், அண்ணனைப் பார்த்தார். மணி பத்தை நெருங்கிக்கொண்டிருந்தது.

"நான்தான் கீறேனே. என் பேரையே எழுது. ரெண்டு பேருக்கும் போடு, பாய். ஒரு வருசம்னு ஒரு நாள் குறிச்சிகீறான். அது போதும், நான் தாங்கிப்பேன்." எழுந்து நின்றவர் எங்கள் பக்கம் திரும்பினார். "அதுக்குன்னு முழுவிட்டு வராதீங்கடா, கேட்டுதா?"

பகல் 11.20. துறைமுக வாயில். பயணிகளைத் தவிர வேறெவருக்கும் அனுமதியில்லை என்பதால் அம்மா அதே ஆட்டோவில் திரும்பினார். முனையத்துக்குள் கடவுச்சீட்டு, இலங்கை நுழைவு அனுமதி, காப்பீட்டுச் சான்று என்ற வரிசையில் சரிபார்த்தார்கள். வளைகுடா நாட்டில் மீன்பிடி வேலைக்கென்று எடுத்து, பயன்படாமல் கிடந்த அண்ணனின் கடவுச்சீட்டில் முதல் முத்திரை விழுந்தது. எங்களுக்கு முன்னால் நின்ற ஒரு குடும்பத்தின் காப்பீடு கப்பல் திரும்புவதற்கு முந்தின நாளே முடிவதாக இருந்தது. அவர்களை ஓரமாக நிறுத்திவிட்டார்கள்.

மாலை 4.00. கப்பல் நகருமுன் அனைவருக்கும் கட்டாயப் பாதுகாப்புப் பயிற்சி. எந்தத் தளத்தில் கூட வேண்டும், மிதவைச் சட்டையை எப்படி அணிய வேண்டும் என்று காட்டியபின், எங்கள் பிரிவினரைப் பெயர் சொல்லி அழைத்தார்கள். அண்ணனின் பெயர் வந்தது.

"கீறேன்!" என்று படகில் கூவும் குரலில் பதிலளித்தார். சுற்றியிருந்தோர் சிரித்தனர். அலுவலர் பட்டியலில் ஒரு குறியிட்டார்.

அண்ணன் மிதவைச் சட்டையைக் கழற்றாமலே சற்று நேரம் நின்றிருந்தார். "பதினெட்டு வருசமா கடலுக்குப் போறேன், தம்பி. போறதுக்கு முன்ன ஒருத்தனும் என் பேரக் கூப்ட்டதில்ல," என்றார்.

மாலை 5.25. கப்பல் துறைமுக வாய் கடந்தது. வடக்கே எண்ணூர்ப் புகைபோக்கிகள் தெரிந்தன. தினமும் அவற்றை அடையாளம் வைத்துத்தான் கரை திரும்புவதாகவும், இவ்வளவு உயரத்திலிருந்து பார்த்தால் அவை யாருடைய வீட்டு அடுப்போ போல இருப்பதாகவும் அண்ணன் சொன்னார்.

அடுத்த நான்கு நாள்களைச் சுருக்கிச் சொல்லலாம். உணவு எல்லையற்றது. நீச்சல்குளம் உப்பில்லாதது. மூன்றாம் நாள் திருகோணமலையில் இறங்கி நாலு மணிநேரம் சுற்றினோம். முச்சக்கர வண்டிக்கு இலங்கை ரூபாயில் மூவாயிரம். கோயில் இருக்கும் குன்றின்மேல் நின்று எல்லாரும் கடலைப் படமெடுக்க, அண்ணன் கீழே கிளம்பிக்கொண்டிருந்த படகுகளில் எத்தனை ஆள் என்று எண்ணிக்கொண்டிருந்தார். அறையின் மெத்தையில் அவருக்குத் தூக்கமே வரவில்லை. கடல் அசைவதே தெரியாத இடத்தில் எப்படியடா தூங்குவது என்று கேட்டார்.

செவ்வாய்க்கிழமை காலை 9.00. கப்பல் சென்னை திரும்பியது. எவ்வித இடருமில்லை. பஷீர் பாய் சேர்த்துப் போட்ட கூடுதல் நாள் புதன்கிழமை. அன்றோடு எங்கள் காப்பு முடிந்தது.

ஒரே கடல்தான். அதில் பொழுதுபோக்கச் செல்பவனின் வீட்டார் ஓராண்டு காத்திருந்தால் போதும் என்று ஒரு காகிதம் இரக்கம் காட்டுகிறது. பிழைக்கச் செல்பவனின் வீட்டாருக்கு அந்த இரக்கத்தை எழுதித்தர அன்று ஆளில்லை. அண்ணனின் அட்டையில் இன்று அந்த வரி உண்டா என்பதைப் பார்த்துச் சொல்வதாகப் பாய் கூறியிருக்கிறார். பதில் இன்னும் வரவில்லை.

வியாழக்கிழமை காலை 4.50. அண்ணனும் மூன்று பேரும் படகைத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். அம்மா என்னை எழுப்பி அழைத்துச் சென்று கரையில் நிறுத்தினார். வழக்கமாக இறால் கூடையோடு காத்திவாக்கம் போகும் நேரம் அவருக்கு.

"யாரு யாரு போறீங்க? பேர சொல்லுங்க."

"இன்னாத்தே, டிக்கெட் கேப்பியா?" என்றான் படகின் முன்முனையான அணியத்தைப் பிடித்திருந்த ரவி.

"வாய மூடிகினு பேர சொல்லுடா. அப்பன் பேரோட சொல்லு. கரையில யாரு கீறாங்கன்னும் சொல்லு."

அவர்கள் சிரித்துக்கொண்டே சொன்னார்கள். ஒவ்வொருவராகச் சொல்லச் சொல்லச் சிரிப்பு குறைந்தது. கடைசியாக அண்ணன், தம் பெயரைச் சொல்லி, தந்தையின் பெயரைச் சொல்லி, கரையில் இருப்பவராக அம்மாவின் பெயரைச் சொன்னார்.

"எழுதுடா," என்றார் அம்மா என்னிடம்.

எழுதினேன். 5.10 மணிக்குப் படகு முகத்துவாரத்தைத் தாண்டியது. நான்கு பெயர்களுக்கும் கீழே அந்த நேரத்தையும் எழுதினேன்.