இட்லிப் பானையில் சோல் அவித்த பாய்

கமால் பாய் இறந்த செய்தியைக் கிடங்கு செல்வம்தான் காலையில் போனில் சொன்னான். "அக்கா, பாய் பூட்டாருக்கா. விடியக்காலைல நெஞ்சு வலின்னாராம். மத்தியான லுஹர் தொழுகைக்கு அப்புறம் எடுத்துடுவாங்க, சீக்கிரம் கெளம்பி வா." எனக்கு முதலில் அழுகை வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. அவரிடம் சொல்லவேண்டிய ஒன்றை ஆறு வருடமாகத் தள்ளிப்போட்டு வந்தவள் நான். இன்னும் கொஞ்ச நாள் இருந்து தொலைத்திருக்கக் கூடாதா இந்த மனிதர்?

நம் ஷூ கம்பெனியில் அவரோடு வேலை பார்த்த, இன்று அவருக்காகக் கூடியிருக்கும் உங்களுக்குச் சோதனை அறை தெரியும். குளிர் நாட்டுக்காரர்கள் மலையில் நடக்கப் போடும் கனமான பூட்ஸ்தான் நம் சரக்கு. அதன் சோல் எவ்வளவு உழைக்கும் என்று பார்ப்பது எங்கள் இருவரின் வேலை. இயந்திரம் சோலை ஆயிரக்கணக்கான முறை மடக்கி நிமிர்த்தும். விரிசல் விடாவிட்டால் தாளில் நாங்கள் இருவரும் கையெழுத்துப் போடுவோம். பாய்க்கு மட்டும் அந்த இயந்திரத்தின் மேல் நம்பிக்கை கிடையாது. "மெஷின் வளைக்கிறதத்தான் பாக்குது விஜயாம்மா, வைக்கிறதப் பாக்கல" என்பார்.

ஆறு வருடத்துக்கு முன்பு புது வகை நுரை சோல் வந்தது. பஞ்சு மாதிரி எடையே இல்லை, இயந்திரத்தில் அற்புதமாகத் தேறியது. மறுநாள் பாய் வீட்டிலிருந்து ஒரு இட்லிப் பானையைத் தூக்கிக்கொண்டு வந்தார். சோலைத் துண்டு போட்டுத் தட்டில் வைத்து, மின்சார அடுப்பில் இளஞ்சூட்டில் வாரக்கணக்கில் ஆவி காட்டினார். போகிறவர் வருகிறவர் எல்லாம் "பாய், இட்லி வெந்துச்சா? சட்னி இன்னா?" என்று கேட்டுப் போனார்கள். நானும்தான் சிரித்தேன். ஐந்தாவது வாரம் ஒரு துண்டை எடுத்து என் கையில் வைத்தார். விரலால் அழுத்தினேன், பொடிந்துவிட்டது.

மேலாளருக்கு வந்த கோபத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். "எந்த ரூல்ல இட்லிப் பானை இருக்கு? பூட்ஸ யார் வேகவைக்கப் போறா?" என்று கத்தினார். பாய் குரலை உயர்த்தவே இல்லை. "சார், அந்த ஊர்ல கோடைக்குத்தான் மலை ஏறுவான். மீதி நாளெல்லாம் பூட்ஸு பெட்டியிலதான் தூங்கும். பெட்டிக்குள்ள ஈரக் காத்துலயே இது செத்துப் போவும், வருசக்கணக்குல ஆவுறத பானை அஞ்சு வாரத்துல காட்டிச்சு. மலை மேல பாதி வழில சோல் கழண்டா அவன் இன்னா பண்ணுவான்? அங்க ஏது செருப்புத் தைக்கிறவரு?" என்றார். கையெழுத்துப் போடமாட்டேன் என்று பேனாவை மேசையில் வைத்துவிட்டார்.

நான் போட்டேன். ஒரு கையெழுத்தே போதும் என்று தாளை என் பக்கம் தள்ளினார்கள். கப்பல் தேதி நெருங்கிவிட்டது, விதிமுறையில் இட்லிப் பானை இல்லை என்று காரணங்களுக்குக் குறைவில்லை. ஆனால் அந்தத் துண்டு பொடிந்தது என் விரலில். சரக்கு போயிற்று. பாயைக் கிடங்குக்கு மாற்றினார்கள். ஏன் மாற்றினார்கள் என்று உங்களில் பலருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். வாயைத் திறக்கவில்லை.

அதே சரக்கில் தையல் கோணலான ஜோடிகளை ஊழியர்களுக்குக் கொடுத்தார்கள். கிடங்கில் என் அளவைப் பொறுக்கி எடுத்துக் கொடுத்தவர் பாய்தான். "போட்டுக்கினே இருங்க. போட்டா உழைக்கும், வெச்சா கெடும்" என்றார். நான் என்ன செய்வேன்? நம் வீடுகளில் புதிதாக எது வந்தாலும் செய்வதைத்தான் செய்தேன். கொடைக்கானல் போகும்போது போடலாம் என்று பெட்டியோடு பரணில் ஏற்றினேன். கொடைக்கானல் போகவே இல்லை. சாப்பாட்டு வேளையில் எதிர்ப்படும்போதெல்லாம், "பூட்ஸு எப்டி கீது?" என்பார். பெட்டியைத் திறந்துகூடப் பார்க்காமல், "நல்லாத்தான் இருக்கு பாய்" என்பேன். அவர் சிரித்துக்கொண்டே போய்விடுவார். ஒரு முறையாவது என்னைத் திட்டியிருக்கலாம். அந்தச் சிரிப்பு எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

பாய் இறந்த அன்று ராஜகீழ்ப்பாக்கத்தில் எங்கள் தெருவில் முழங்கால் மழைத்தண்ணீர். செருப்பின் வார் வாசலிலேயே அறுந்தது. வேறு வழியில்லாமல் பரணிலிருந்து பெட்டியை இறக்கினேன். மேல்தோல் பளபளவென்று இருந்தது. புடவையைத் தூக்கிச் செருகி, பூட்ஸை மாட்டிக்கொண்டு பஸ் ஏறினேன். தாம்பரம் ஸ்டேஷனில் மேற்குப் பக்கம் போக நடைபாலத்தில் ஏறும்போது வலது கால் திடீரென்று லேசானது. திரும்பிப் பார்த்தால் என் சோல் இரண்டு படி கீழே கிடக்கிறது. டீயில் ஊறிய ரஸ்க் மாதிரி படியெல்லாம் கறுப்புத் துகள். நாலு அடியில் இடதும் விட்டது. பின்னால் வந்த ஒருவர், "இன்னாம்மா, ஸ்டேஷன் படிக்கே பூட்ஸு தாங்கல!" என்று சொல்லிவிட்டுப் போனார். அங்கேயே உட்கார்ந்து அழுதேன். பாய் செத்ததற்கா, சோலுக்கா, கையெழுத்துக்கா என்று கேட்டால் எனக்குத் தெரியாது.

வெறுங்காலோடு அவர் வீட்டை அடைந்தபோது எடுத்துக்கொண்டு போய்விட்டிருந்தார்கள். முகம் பார்க்கக் கிடைக்கவில்லை. அவர் மனைவி மெஹருன்னிசா அக்கா என் காலைப் பார்த்து, "செருப்பு எங்கம்மா?" என்றார். கையிலிருந்த மேல்தோலைக் காட்டி, கையெழுத்திலிருந்து நடைபாலம் வரை எல்லாவற்றையும் சொன்னேன். அவர் உள்ளே போய் இட்லிப் பானையை எடுத்து வந்தார். பிறகு, "அந்தப் பானைய அவரு திருப்பிக் கொண்டாந்தாரு. ரப்பர் நாத்தம், எத்தினி தபா தேச்சும் போவல. தூக்கிப் போடவும் வுடல. நீ எடுத்துக்கினு போ" என்றார்.

அந்தப் பானைதான் அவர் நினைவாக என்னிடம் இருக்கிறது. உங்கள் எல்லோர் முன்பும் சொல்கிறேன்: அந்தத் தாளில் இருந்தது என் கையெழுத்து, சரியாகச் சொன்னவர் கமால் பாய். இப்போது மறுபடி ஒரு புது சோல் வந்திருக்கிறது. இயந்திரத்தில் தேறிவிட்டது. மேலாளர் இரண்டு முறை தாளை நீட்டிவிட்டார். நான் இன்னும் பேனாவை எடுக்கவில்லை. பானை அடுப்பில் இருக்கிறது, இன்றோடு மூன்று வாரம்.