மாமனார் குளிக்கும்போது

சந்தேகப்படுவதற்கென்றே பிறவி எடுத்த பெருமக்களில் எங்கள் மாடி வீட்டு ப்ரோகிராமரும் ஒருவர். குளியலறை ஹீட்டருக்குள் இருக்கும் சில்லுக்கு நிரல் எழுதுவது அவர் உத்தியோகம். அலுவலகச் சோதனை மேசையில் சூடு அளக்கும் சென்சார் கிடையாது; அது இல்லாவிட்டால் நிரல் ஓடாமல் நின்றுவிடும். அதனால் 'சோதனை' என்ற அமைப்பை ஆன் செய்து, நிரலைச் சில்லுக்குப் புரியும் மொழிக்கு மாற்றித் தரும் கம்பைலரிடம் கொடுப்பார்கள். அப்போது, சூடு எல்லை மீறினால் ஹீட்டரை நிறுத்தும் வரிகளைக் கம்பைலர் அடியோடு விட்டுவிடும். விட்டுவிட்டேன் என்று ஒரு வார்த்தை சொல்லாது.

தன் நிரல் ஏற்றிய புது ஹீட்டரை அவர் வீட்டிலேயே மாட்டினார். விருந்தாளியாக வந்திருந்த மாமனார் முதல் ஆளாகக் குளிக்கப் போனார். கதவு தாழிட்ட பிறகுதான், இந்த ஹீட்டருக்கு நிரல் ஏற்றும் முன் அந்த 'சோதனை' அமைப்பை ஆஃப் செய்தோமா என்ற கேள்வி இவருக்கு உதித்தது. சரிபார்க்க லேப்டாப்பும் கையில் இல்லை.

"மாமா, தண்ணி சூடு சரியா இருக்கா?"

"இருக்கு மாப்ள."

"இப்போ?"

"இப்பவும் இருக்கு."

மனைவி எட்டிப் பார்த்தாள். "எங்கப்பா குளிக்கிறாரா, பரீட்சை எழுதுறாரா?"

அதற்குள் கதவிடுக்கில் ஆவி தெரிந்தது. ஓடிப்போய் ஹீட்டர் சுவிட்சை அணைத்தார்.

"மாப்ள, தண்ணி ஐஸா வருது. தலையெல்லாம் சோப்பு."

மாமனார் வேகவில்லை. ஆனால் நிரல் தானே நிறுத்தியிருக்குமா என்பது தெரியாமலே போயிற்று. மறுபடி சுவிட்சைப் போட மனம் வராமல், அடுப்பில் ஒரு குண்டான் தண்ணீர் வைத்தார். விரலை விட்டுப் பார்த்தார். அந்த விரல் மேலும் நம்பிக்கை இல்லாமல், மனைவியையும் விட்டுப் பார்க்கச் சொன்னார்.