டென்ஷன் என்று மட்டும் சொல்லாதீர்கள்

போன நவம்பரில் துபாய் போனேன். ஊர் சுற்ற அல்ல. மூளை நரம்புகளைக் காக்கும் மருந்துகள், மனச்சோர்வுக்கான சிகிச்சை இரண்டையும் பற்றி ஒரு கருத்தரங்கு. அங்கே என் ஆய்வைச் சுவரில் ஒட்டிவிட்டு, கேட்பவர்களுக்குப் பதில் சொல்லிக்கொண்டு பக்கத்தில் நிற்க வேண்டும். திருச்சியில் ஒரு பார்மசி கல்லூரியில் மருந்தியல் நடத்துகிறேன். அடுத்த வருடம் போக நினைக்கும் மாணவர்கள், வழி, செலவு எல்லாம் எழுதுங்கள் மேடம் என்றார்கள். எழுதுகிறேன். ஆனால் வயிற்றெரிச்சலோடுதான் எழுத வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

திருச்சியிலிருந்து நேரடி விமானம் இருக்கிறது, ஏறக்குறைய நாலு மணி நேரம். இறங்கியதும் மெட்ரோ நிலையத்தில் நோல் கார்டு வாங்கிவிடுங்கள். இருபத்தைந்து திர்ஹாம், அதில் பத்தொன்பது பயணத்துக்கு. பெண்களுக்குத் தனிப் பெட்டி உண்டு. தெரியாமல் அதில் ஏறும் ஆண்களுக்கு நூறு திர்ஹாம் அபராதம், எனவே மாணவர்களே, தரையில் உள்ள கோட்டைப் பார்த்து நில்லுங்கள். கருத்தரங்கு நடந்த ஹோட்டலில் ஏசியை மார்கழி மாதத்துக்கு வைத்திருந்தார்கள். சால்வை அவசியம்.

சனிக்கிழமை முழுக்கப் பேச்சு. கவனிக்காமல் விட்ட மனச்சோர்வு மூளையின் நினைவுப் பகுதியையே சுருக்கக்கூடும், சரியான மருந்து நரம்புச் செல்களின் கிளைகள் மறுபடி தழைக்க உதவுகிறது, பலன் தெரிய வாரக்கணக்கில் ஆவதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம் என்றெல்லாம் படம் போட்டுக் காட்டினார்கள். நல்ல பேச்சுகள்தான். என் ஆய்வு எலிகளைப் பற்றியது. தண்ணீர் நிரப்பிய கண்ணாடி உருளையில் எலியை விடுவோம். கொஞ்ச நேரம் தப்பிக்கப் பார்த்து நீந்தும், அப்புறம் விட்டுவிட்டுச் சும்மா மிதக்கும். மருந்து கொடுத்த எலி இன்னும் சற்று நேரம் நீந்தினால் மருந்தில் விஷயம் இருக்கிறது என்று எழுதுவோம். மனிதனின் சோர்வும் இதுவும் ஒன்றா என்று எங்கள் துறைக்குள்ளேயே அடிதடி உண்டு. அதை இன்னொரு நாள் வைத்துக்கொள்வோம்.

ஞாயிறு மதியம் கருத்தரங்குக்கு டிமிக்கி கொடுத்துவிட்டு ஜெபல் அலிக்குக் கிளம்பினேன். சித்தி மகன் குமரேசன் அங்கே ஒரு கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறான், ஞாயிறுதான் அவனுக்கு ஆஃப். மெட்ரோவின் சிவப்புத் தடத்தில் கடைசி வரை போகலாம், ஏழரை திர்ஹாம். அங்கிருந்து டாக்ஸி. பெஷாவர்க்கார ஓட்டுநர், குமரேசன் தங்கும் தொழிலாளர் கேம்ப் பெயரைச் சொன்னதும் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். "மேடம், உதர் லேடீஸ் மாஃபி" என்றார், அங்கே பெண்களுக்கு இடமில்லை என்று. அவர் சொன்னது சரி. வாசலில் காவலாளி என்னை ஒரு அடிகூட உள்ளே விடவில்லை. கேம்பில் உறவினரைப் பார்க்கப் போகும் பெண்கள் வெளியே எங்கே சந்திப்பது என்று முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள்.

எதிர்ச்சாரியில் ஒரு கஃப்டீரியா. கரக் டீ இரண்டு சொல்லிவிட்டு உட்கார்ந்தோம். குமரேசன் பேச்சுக்காரன். கல்யாண வீட்டுப் பந்தியில் அவன் இருக்கும் வரிசையில் சிரிப்புச் சத்தம் ஓயாது. அன்றைக்கு டீ ஆறிப்போகும் வரை கோப்பையைப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

"என்னடா, உடம்பு சரியில்லையா?"

"டென்ஷன்க்கா. நாலஞ்சு மாசமா. மாத்திர போட்டுட்டுத்தான் இருக்கேன்."

எனக்கு நிம்மதியாக இருந்தது. பரவாயில்லை, பையன் டாக்டரைப் பார்த்திருக்கிறான் என்று நினைத்துக்கொண்டு அட்டையை வாங்கிப் பார்த்தேன். அது பிரஷர் மாத்திரை.

நடந்தது இதுதான். ஆகஸ்டில், தூக்கமும் பசியும் போய், கம்பெனி கிளினிக்குக்குப் போயிருக்கிறான். தனக்குத் தெரிந்த இந்தியில் "பஹுத் டென்ஷன் ஹை" என்றிருக்கிறான். நம் ஊரில் மனசு பாரத்துக்கு டென்ஷன், ரத்த அழுத்தத்துக்கு பிரஷர். இந்தி தெரியாத அந்த டாக்டருக்குக் காதில் விழுந்தது 'டென்ஷன்' ஒன்றுதான், அவர் அதை ஹைப்பர்டென்ஷன் என்று எடுத்துக்கொண்டார். கையில் பட்டையைச் சுற்றிப் பார்த்தார். ஷிஃப்ட் முடிந்து வெயிலில் வரிசையில் நின்றுவிட்டு வந்தவனுக்கு அளவு ஏறித்தானே இருக்கும்? சீட்டு எழுதிவிட்டார். தூங்குகிறாயா, சாப்பிடுகிறாயா என்று ஒரு கேள்வி இல்லை. மறுநாள் ஒரு தடவை பார்ப்போம் என்று இல்லை.

இவனும் அதை மனசுக்கான மருந்து என்று நம்பி விழுங்கியிருக்கிறான். அதோடு விட்டானா? மனசு ரொம்பக் கனக்கும் நாளில் இரண்டாகப் போட்டிருக்கிறான், காய்ச்சலுக்குப் போடுவது போல. வண்டி ஓட்டும்போதே இரண்டு முறை கண் இருட்டிவிட்டது. சூப்பர்வைசர், இன்னொரு தடவை இப்படி ஆனால் கலாஸ், வேலை முடிந்தது, ஊருக்கு டிக்கெட் என்று சொல்லிவிட்டாராம்.

எனக்கு வந்த கோபத்தில் கப்பைக் கவிழ்த்துவிட்டேன். எலி நீந்துவதை நிறுத்தினால் பக்கத்தில் உட்கார்ந்து நேரம் குறிக்கிறோம், மனுஷன் நிறுத்தினால் கையில் பட்டையைச் சுற்றி அனுப்பிவிடுகிறார்களே! நரம்புச் செல்லின் கிளை துளிர்ப்பதை மூன்று பேர் படம் போட்டுக் காட்டிய ஹோட்டல் இதே தடத்தில்தான் இருக்கிறது. அந்தக் கிளினிக் எங்கே, இப்போதே போகலாம் என்று எழுந்தேன்.

"விடுக்கா. அவர் என்ன பண்ணுவார். என் நேரம்."

அவன் கோபப்படாததுதான் எனக்குப் பயமாக இருந்தது. மனநல டாக்டரிடம் போகலாம் என்றதும் கையைப் பிடித்துக்கொண்டான். "வேணாங்க்கா. மெண்டல்னு ஹெல்த் கார்டுல ஏறிட்டா அன்ஃபிட்னு ஊருக்கு அனுப்பிருவாங்க." வண்டியிலிருந்து விழுந்து செத்தால் மட்டும் அனுப்ப மாட்டார்களா என்று கேட்டேன். கேட்டிருக்கக்கூடாது, வந்துவிட்டது.

நான் மருந்தியல் படித்தவள், சீட்டு எழுதும் உரிமை எனக்கில்லை. அங்கேயே உட்கார்ந்து போன் போட்டதில் கராமா பக்கம் தமிழ் தெரிந்த ஒரு மனநல மருத்துவர் ஞாயிறும் பார்ப்பதாகத் தெரிந்தது. நாற்பது கிலோமீட்டருக்குக் குறையாது, டாக்ஸியிலேயே போனோம். பாலக்காட்டு அம்மா. மாத்திரை அட்டையை ஓரமாக வைத்துவிட்டு, "காலையில எழுந்ததும் எப்படி இருக்கு?" என்று கேட்டார். கேட்டுவிட்டுக் காத்திருந்தார்.

"எந்திரிக்க எதுவும் இல்ல மேடம். ஊர்லேருந்து எம் பாப்பா போன்ல பாட்டு பாடும். காதுல விழும். உள்ள ஒண்ணும் ஆகாது. இல்லாமப் போயிட்டா தேவலன்னு இருக்கும்."

எனக்குத் தெரிந்தவரை இவன் இதை யாரிடமும் சொன்னதில்லை. யாரும் கேட்கவில்லை என்பதுதான் உண்மை. வீட்டிலிருந்து போன் செய்த நாங்கள் எல்லாரும் "டென்ஷன் ஆகாதடா" என்றே சொல்லிக்கொண்டிருந்தோம். சாகும் நினைப்பு எப்போதெல்லாம் வருகிறது என்று டாக்டர் விவரமாகக் கேட்டார். மனச்சோர்வுக்கு மருந்து தொடங்கினார், பிரஷர் மாத்திரையை எப்படி விடுவது என்று எழுதினார், கொஞ்ச நாளைக்கு வண்டி ஓட்டக்கூடாது என்று கடிதம் கொடுத்தார், கேம்பில் அவனோடு ஒரே அறையில் இருக்கும் ஒருவரிடம் போனில் பேசினார். பலன் தெரியச் சில வாரம் ஆகும், அதுவரை விடாதே என்று மூன்று முறை சொன்னார்.

இனி உங்களுக்கு. வளைகுடாவில் எந்த கிளினிக்கிலும் டென்ஷன் என்ற சொல்லை வாயில் எடுக்காதீர்கள். "மனசு சரியில்லை, தூக்கமில்லை, எதிலும் பிடிப்பில்லை" என்று விரித்துச் சொல்லுங்கள். இந்தியில் 'உதாஸ்', ஆங்கிலத்தில் 'டிப்ரெஷன்'. மொழி தெரிந்த ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். கொடுத்த மாத்திரை எதற்கு என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். கூட்டவும் வேண்டாம், நீங்களாக நிறுத்தவும் வேண்டாம். சாகத் தோன்றினால் அடுத்த ஆஃப் வரை காத்திருக்காதீர்கள், அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ஊரிலிருந்து மருந்து எடுத்துப் போகிறவர்கள், எதற்கு முன் அனுமதி வேண்டும் என்று அரசுத் தளத்தில் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். அன்ஃபிட் பயம் முழுக்கப் பொய் என்று நான் சொல்ல மாட்டேன். குமரேசனை அனுப்பவில்லை, பேக்கிங்குக்கு மாற்றினார்கள். எல்லாருக்கும் அப்படி நடக்கும் என்று எந்த தைரியத்தில் எழுதுவது?

பொங்கல் முடிந்த வாரம் அவனிடமிருந்து போன். மூச்சு வாங்கியது.

"அக்கா, அந்த கிளினிக்குக்குப் போயிட்டு வர்றேன். எனக்கு எதுக்குய்யா பிரஷர் மாத்திர குடுத்தீங்க, எவனாச்சும் ஒரு வார்த்த கேட்டீங்களான்னு கத்திட்டேன்க்கா. வரிசைல நின்னவன் பூரா திரும்பிப் பாத்தான்."

"அடப்பாவி! எந்த மொழியிலடா கத்துன?"

"தமிழ்லதான்க்கா. இந்தியில எனக்கு அவ்வளவு கோவம் வராது."