செங்காவி பூசிய சீமைச் சேவல்

பாகலூர்ப் பக்கம் கிராம சேவக்காக, அதாவது விவசாயிகளுக்குப் புது முறைகளைச் சொல்லிக்கொடுக்கும் சர்க்கார் ஆளாக, வேலைக்குச் சேர்ந்த புதிதில் எனக்குத் தலைக்கனம் கொஞ்சநஞ்சமில்லை. பயிற்சியில் கற்றதை ஊர் ஊராக ஒப்பிப்பேன். "இந்த வெள்ளைச் சேவல் இத்தாலி ஜாதி. அமெரிக்காக்காரன் வாங்கிட்டுப் போயி ஆராய்ச்சி பண்ணினான். அங்கிருந்து கப்பலேறி, இப்ப என் சைக்கிள் கூடையில வந்திருக்குது." கேட்டவர்கள் சேவலைவிட என் சைக்கிளைத்தான் ஆசையாகப் பார்த்தார்கள்.

நாட்டுச் சேவலைக் கொடுத்துவிட்டு வெள்ளைச் சேவலை வாங்கிக்கொள்ள வேண்டும், அதன் வம்சம் நிறைய முட்டையிடும், இதுதான் திட்டம். ஊருக்கு முன்மாதிரியாக எங்கள் வீட்டிலேயே தொடங்கினேன். அம்மா பர்கூரில் மாமா வீட்டுக்குப் போயிருந்த நேரம், கொல்லையில் திரிந்த சிவப்புச் சேவலைப் பிடித்துக் கொடுத்துவிட்டு வெள்ளையை விட்டேன்.

அம்மா திரும்பி வந்ததும் தலையில் அடித்துக்கொண்டாள். "பாவி! உனக்கு வேலை கெடைச்சா முனியப்பனுக்குத் தரேன்னு நேந்து வளத்ததுடா அது!"

அடுத்த மாதம் எனக்குக் கல்யாணம். பெண் மைசூர் எல்லைக்கு அந்தப் பக்கம். ஒரே ஒரு முறைதான் பார்த்திருந்தேன், அதற்கே எனக்குச் சோறு இறங்கவில்லை. நேர்த்திக்கடன் தீராமல் தாலி கட்டக் கூடாது என்று அம்மா ஒற்றைக் காலில் நின்றாள். சந்தையில் வாங்கலாம் என்றேன். முனியப்பனுக்கு விலைக்கு வாங்கியது ஆகாதாம், வீட்டில் வளர்ந்ததுதான் வேண்டுமாம். சொந்தக்காரர் வீடுகளில் கேட்டேன். எல்லா வீட்டிலும் வெள்ளைதான். அவ்வளவு மும்முரமாக வேலை பார்த்துத் தொலைத்திருந்தேன்.

கடைசியில் சுவருக்குப் பூசும் செங்காவியைக் கரைத்து வெள்ளைச் சேவலுக்கே பூசினேன். கை முழுக்கக் கொத்து வாங்கினாலும் சேவல் செக்கச்செவேலென்று நின்றது. அம்மா அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். "முனியப்பனுக்கும் வயசாயிடுச்சு, போ" என்றாள்.

கோயிலுக்குப் பெண்ணின் அப்பாவும் வந்திருந்தார். எங்கள் பக்கத்தில் பலி கொடுக்கும் முன் சேவலின் மேல் தண்ணீர் தெளிப்பார்கள். அது உடம்பைச் சிலுப்பினால்தான் சாமி சம்மதித்ததாக அர்த்தம். சின்ன வயதிலிருந்து பார்த்த வழக்கம், பூசாரி சொம்பைத் தூக்கும்வரை எனக்கு நினைவுக்கு வரவில்லை.

இத்தாலிச் சேவல் பிரமாதமாகச் சிலுப்பியது. பூசாரியின் வேட்டி, மாமனாராக வேண்டியவரின் சட்டை, என் மூஞ்சி எல்லாம் சிவப்பு. சேவல் மட்டும் வெளுத்துவிட்டது.

"சிலுப்பிடுச்சு, சாமி உத்தரவு குடுத்தாச்சு" என்றாள் அம்மா, அவசரமாக.

"சாயத்தை வெளிய கொண்டாந்ததும் சாமிதாம்மா" என்றார் பூசாரி.

கல்யாணம் போச்சு என்று நினைத்தேன். அழுகையே வந்துவிட்டது. பெண்ணின் அப்பா சட்டையைத் துடைத்துக்கொண்டே சேவலைத் தடவிப் பார்த்தார்.

"இதுதான் நெறைய முட்டை போடுமா?"

"சேவல் போடாதுங்க. அதோட வம்சம் போடும்" என்றேன். அந்த நிலையிலும் அறிவியல் தவறக் கூடாதல்லவா!

"அப்ப இதை எனக்குக் குடுங்க மாப்பிள்ளை. எங்க ஊட்டுல வளந்த செவப்புச் சேவல் இருக்குது. எங்க ஊடு வேற, உங்க ஊடு வேறயா?"

மாப்பிள்ளை என்ற அந்த ஒரு சொல்லில்தான் எனக்கு உயிர் வந்தது. அடுத்த வாரமே முனியப்பனின் கணக்கு தீர்ந்தது, தாலியும் கட்டினேன்.

இரண்டு வருஷம் கழித்துத் தீபாவளிக்கு மாமனார் ஊருக்குப் போனேன். நான் ஒரு நாளும் பிரசாரம் செய்யாத அந்த ஊரில், அடுத்த ராஜ்யத்தில், தெருவெல்லாம் வெள்ளைக் கோழிகள். பூரித்துப் போனேன். ஆனால் சேவல்களின் முதுகில் எல்லாம் செங்காவி!

ஒரு விவசாயியை நிறுத்திக் காரணம் கேட்டேன். அவர் கன்னடத்தில் பொறுமையாக விளக்கினார். இது இத்தாலி ஜாதி. செங்காவி பூசி, ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றிச் சிலுப்ப விட்டால்தான் முட்டை கூடும். தன் மருமகன் கண்டுபிடித்த முறை என்று என் மாமனாரே ஊருக்குச் சொல்லிக் கொடுத்தாராம்.

சேவல் முதுகில் மிஞ்சிய சாயத்தோடு வந்ததைப் பார்த்து ஊர் சிரித்திருக்கும். என் மானத்தைக் காக்க மனிதர் இத்தனை பாடுபட்டிருக்கிறார் என்று அப்போதுதான் புரிந்தது.

"முட்டை கூடியிருக்குதா?" என்று கேட்டேன்.

கூடை கூடையாக என்றார். பிறகு, நீங்கள் யார் என்று கேட்டார். பக்கத்தில் நின்ற என் மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"இந்த ஊர் மாப்பிள்ளை" என்றேன். கிராம சேவக் என்று சொல்லவில்லை.